நழுவும் ஈரம்

கோடை மழை விட்டதும் இரண்டு சம்பந்தி நத்தைகள் தார்ச்சாலை ஓரத்துக்கு வந்து சேர்ந்தன. எதிர்ப்புறம் கீரைத் தோட்டம். ஈரம் காய்வதற்குள் கடந்தாக வேண்டும். காய்ந்துவிட்டால் வெயிலில் இரண்டும் வற்றல்தான்.

"நீங்க முன்னால போங்க, சம்பந்தி," என்றது பெண் வீட்டு நத்தை.

"சேச்சே, வயசுல மூத்தவர் நீங்க. நீங்க போங்க."

"மாப்பிள்ளை வீட்டை முந்தினா ஊர் சிரிக்கும்."

"நான்தான் சொல்றேனே, போங்க."

பேசப் பேச, ஈரம் சத்தமே இல்லாமல் சாலையை விட்டு நழுவிக்கொண்டிருந்தது. பெண் வீட்டு நத்தைக்கு அடிவயிறு சுட்டது. கடைசியில் துணிந்து ஊர்ந்து, எப்படியோ எதிர்ப்புறம் சேர்ந்தது. "ஒரு நூல் அகலந்தான் ஈரம் இருக்கு. சீக்கிரம் வாங்க, சம்பந்தி."

மாப்பிள்ளை வீட்டு நத்தை நகரவில்லை. "முந்திப் போனீங்கல்ல? திரும்பி வந்து முறையா அழைங்க, வரேன்."