போவோம் டப்பா, இருப்போம் டப்பா

"அக்கா, நீதான் நடுவர். உன்னை விட்டா வேற யாரு?"

தங்கச்சி இப்படிக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியலை. பள்ளிக்கூடத்துல முப்பது வருஷம் பரீட்சை ஹாலைக் காவல் காத்தவ நான். பிட் அடிக்கிறவன் மூச்சு விடுற தினுசை வெச்சே பிடிச்சிடுவேன். பிள்ளைங்க எனக்கு வெச்ச பேரு 'கழுகு'.

விஷயம் இதுதான். தங்கச்சி புருஷன் லிஃப்ட் மெக்கானிக். பஸ்ல அஞ்சு மணி நேரம் போனா ஒரு சின்ன ஊரு. அங்க பம்ப் செட் ரிப்பேர் பட்டறை வெச்சிருக்கிற கூட்டாளி, "எனக்கு வயசாச்சு, நீ வந்து நடத்துப்பா"ன்னு கூப்பிட்டிருக்கார். சுத்தமான காத்து, தோட்டத்தோட வீடு, அரக்கப் பரக்க ஓட வேண்டாம்னு இவர் ஒரே குதி.

தங்கச்சிக்கு இங்கே பார்லர். வாடிக்கையாளருங்க முன்கூட்டியே சொல்லி வெச்சுக் காத்திருப்பாங்க. "அந்த ஊருல நான் போய் என்னத்தைப் பண்ண? ஆட்டுக்கு முடி வெட்டவா?"ன்னு எரிஞ்சு விழுந்தா.

ஒரு மாசம் வாக்குவாதம். கடைசியில ஃப்ரிட்ஜ் மேல ரெண்டு பிஸ்கட் டப்பா உட்கார்ந்துச்சு. ஒண்ணுல 'போவோம்', இன்னொண்ணுல 'இருப்போம்'. தினம் ஆளுக்கு ஒரு காரணம் சீட்டுல எழுதி, மடிச்சுப் போடணும். முப்பதாம் நாள் எண்ணணும். எதுல சீட்டு அதிகமோ அதுதான் முடிவு. இடையில யாரும் பிரிச்சுப் படிக்கக் கூடாது.

"எனக்கென்ன, ரெண்டும் ஒண்ணுதான்"னு சொன்னேன். "நீங்க போனா என் காலிங் பெல்லுக்கு ஓய்வு. சர்க்கரை இருக்கா, தைலம் இருக்கான்னு ஓயாத தொல்லை."

சொல்லிட்டேனே தவிர, அன்னிக்குச் சோறு இறங்கலை. எதிர் வீட்டுல இவங்க இருக்காங்கன்னுதான் நான் இந்த மாடியில தனியா இருக்கேன். அவங்க வீட்டு மாத்துச் சாவி என் வீட்டு ஆணியிலதான் தொங்கும்.

ஒன்பதாம் நாள் காலையில, தங்கச்சி குளிக்கிற நேரம், உள்ளே நுழைஞ்சேன். ஃப்ரிட்ஜ் பக்கத்துல தங்கச்சி புருஷன். கையில நாலு சீட்டு.

"தம்பி!"

மனுஷன் துள்ளி விழுந்தார். "அண்ணி... அது வந்து... நேத்து போட மறந்துட்டேன்."

"நேத்துக்கு நாலா?"

"அவகிட்ட சொல்லிடாதீங்க அண்ணி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ரெண்டு நாள் கழிச்சு அவ மாட்டினா. கை நிறையச் சீட்டு!

"நீயுமாடி? கட்டின புருஷனையே ஏமாத்துறியே, வெட்கமா இல்லை?"

"கண்டுக்காதேக்கா. ப்ளீஸ்."

ஆளுக்கு அரை மணி நேரம் நேர்மையைப் பத்தி வகுப்பே எடுத்தேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டாங்க.

முப்பதாம் நாள் வந்துச்சு. நடுக்கூடத்துல பாய் விரிச்சு, 'இருப்போம்' டப்பாவை முதல்ல கவிழ்த்தேன். முப்பத்தொரு சீட்டு. முதல் சீட்டைப் பிரிச்சா, தங்கச்சி புருஷன் கையெழுத்து!

"'அவகிட்ட முடி வெட்டிக்க ரெண்டு பஸ் மாறி வர்றாங்க. அந்த மரியாதையை நான் பிடுங்கலாமா?'"

அடுத்தது: "'புதுசா நாற்காலி வாங்கிப் போட்டு மூணு மாசம்தான் ஆச்சு. தினம் அதைத் துடைச்சுட்டுத்தான் கிளம்புறா.'"

அத்தனையும் அவர் எழுதினது. தங்கச்சி வாயைப் பொத்திக்கிட்டா.

'போவோம்' டப்பாவைக் கவிழ்த்தேன். எல்லாம் அவ கையெழுத்து.

"'அவர் லிஃப்ட் குழிக்குள்ள இறங்குற ஒவ்வொரு தடவையும், மேலே ஏறிட்டேன்னு போன் வர்ற வரை நான் கத்தரியைத் தொடுறதில்லை.'"

"'அந்த ஊரைப் பத்திப் பேசும்போதுதான் இந்த மனுஷன் சிரிக்கிறார்.'"

"அடிப்பாவி!"ன்னார் அவர். "எனக்காக எழுதினியா?"

"நீங்க மட்டும்?"

ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்த்துக்கிட்டு அழுதுச்சுங்க, சிரிச்சுச்சுங்க. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. திருட்டுப் பசங்கன்னு நினைச்சேனே!

தொண்டையைக் கனைச்சுக்கிட்டு எண்ணினேன். "போவோம் பதினெட்டு. இருப்போம் முப்பத்தொண்ணு. முடிவு: இங்கேயே இருக்கீங்க."

"பதினெட்டா?" தங்கச்சி நிமிர்ந்தா. "நான் முப்பத்தஞ்சு போட்டேனேக்கா! எழுதி எழுதி விரலே வீங்கிடுச்சு."

"தப்பா எண்ணியிருப்பே. விடு, தீர்ப்பு சொல்லியாச்சு"ன்னேன் அவசரமா.

"இல்லை அண்ணி, என் சீட்டும் ஒண்ணு குறையுது." அவர் பாயில இருந்த குவியலைக் கிளறினார். "போவோம் டப்பாவுல நான் ஒண்ணே ஒண்ணுதான் போட்டேன். எங்கே போச்சு அது?"

"அப்படி என்னங்க எழுதினீங்க?"

"அண்ணியை இங்கே தனியா விட்டுட்டுப் போக மாட்டேன், அவங்களும் வந்தா மட்டும் போவோம்னு எழுதினேன். தோட்டத்தைப் பார்த்த ரூமைக்கூட அவங்களுக்குன்னு சொல்லி வெச்சாச்சு."

தங்கச்சி முகம் மலர்ந்து என் பக்கம் திரும்பினா. "அக்கா, நீ வருவியா? நீ வந்தா நான் எங்கே வேணாலும் வருவேன்!"

கடைசிப் பதினெட்டு நாளும், அவங்க ரெண்டு பேரும் வேலைக்குக் கிளம்பினதும் மாத்துச் சாவியைப் போட்டுத் திறந்து, 'போவோம்' டப்பாவுலேர்ந்து தினம் ஒண்ணா பதினெட்டுச் சீட்டை உருவிக் கிழிச்சுக் குப்பையில போட்டவளாச்சே நான்! பாழாப்போனவ, ஒண்ணையாவது பிரிச்சுப் படிச்சிருக்கக் கூடாதா?