விழுந்தாலும் லாபம்

“தக்காளி விலை ஏறினாலும் எனக்கு லாபம், விழுந்தாலும் லாபம். ரிட்டயர்மெண்ட் பணம் மொத்தத்தையும் இந்தத் தொழில்லதான் போட்டிருக்கேன்” என்றார் லூர்துமேரி டீச்சர்.

பாலக்கோடு மண்டி சிரித்த சிரிப்பில் தராசே ஆடியது. தோட்டம் முழுக்கத் தக்காளி வைத்திருந்த கொழுந்தன் சின்னப்பன் மட்டும் சிரிக்கவில்லை.

“விழுந்தா எப்படிங்க அண்ணி லாபம்? வூட்டை வித்துட்டுத் தெருவுல நிப்பீங்க.”

“நின்னா நிக்கிறேன். நீ வந்து பாரு.”

அந்த வருஷம் ஊரெல்லாம் காய்த்துக் கொட்டியது. விலை பாதாளத்துக்குப் போனது. ஆனாலும் பறித்ததை மண்டிக்குக் கொண்டுபோயாக வேண்டுமே. சின்னப்பன் டிராக்டரோடு அண்ணி வாசலுக்கு வந்தார்.

டீச்சரிடம் ஒரு தக்காளிச் செடிகூட இல்லை. கொல்லையில் பனைமர உயரத்துக்குக் காலி பிளாஸ்டிக் பெட்டிகள்தான் இருந்தன.

“வாடகையை முன்னாடியே வெச்சுட்டு எடுத்துக்க தம்பி.”

சின்னப்பன் பணத்தை நீட்டினார்.

“விழுந்தாலும் உங்களுக்கு லாபந்தானுங்க, அண்ணி.”