இடக்கைக்காரர்கள்

பல் மருத்துவருக்குப் பழைய கடற்பயணப் படங்கள் என்றால் உயிர். செப்புத் தகட்டில் செதுக்கி அச்செடுத்தவை. அச்சில் இடமும் வலமும் மாறிவிடுவதால், அவரிடமிருந்த படங்களில் எல்லோரும் இடக்கைக்காரர்கள். வீட்டுக்கு யார் வந்தாலும், நோயாளிகளின் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் வட்டக் கண்ணாடியைப் படத்தருகே பிடித்து, படத்திலிருப்பவர்களை வலக்கைக்காரர்களாக்கிக் காட்டுவார். கேட்டுக் கேட்டு மனைவிக்குக் காது புளித்துவிட்டது.

புதிதாக வாங்கிய படத்தில் ஒரு படகு தீவை நெருங்கிக்கொண்டிருந்தது. படகுத் தலைவனின் வாள் இடக்கையில் இருந்தது. கரையில் ஒருவன் இடக்கையைத் தூக்கி நின்றான். கண்ணாடியில் வாள் வலக்கைக்கு மாறியது. கரையில் நின்றவன் மட்டும் மாறவில்லை.

"கண்ணாடியத் துடைச்சுட்டுப் பாருங்க," என்றாள் மனைவி.

துடைத்தார். "நீயே பாரு."

அவள் குனிந்து பார்த்தாள். "பாவம், எத்தன காலமா கையத் தூக்கிட்டு நிக்கிறானோ!" என்று விளையாட்டாகத் தன் கையை அசைத்தாள்.

கண்ணாடிக்குள் அவன் கையை இறக்கினான்.

இருவரும் படத்தைப் பார்த்தார்கள். அதில் கை தூக்கியபடியேதான் இருந்தது. மறுபடி கண்ணாடியைப் பார்த்தபோது கரையில் யாருமில்லை.

"எங்கங்க போனான்?"

அவர் கண்ணாடியைப் பைக்குள் வைத்தார்.

மறுநாள் காலை, முதல் நோயாளி நாற்காலியில் சாய்ந்து வாயை ஆவென்று திறந்தார். வலி மேல்வரிசைக் கடைசிப் பல்லில். கண்ணாடி இல்லாமல் அதைப் பார்க்க முடியாது. மருத்துவர் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துவிட்டார். உள்ளே விடத்தான் கை வரவில்லை.