உட்காரும் இடங்கள்

எறும்புச் சாரையில் தங்கை எறும்புக்குத் தீராத இளைப்பு நோய். சிறிது தூரம் நடந்தாலே உட்கார்ந்துவிடும். துணைக்கு வரும் அக்கா எறும்பும் முகம் சுளித்தபடி உட்காரும்.

"என்னம்மா, இன்றும் உட்கார்ந்தாயிற்றா?" என்று கேலி செய்துகொண்டே சாரையின் தலைவர் கடந்து போவார்.

"அவர் போகட்டும் அக்கா. இந்தத் தும்பைப் பூவைப் பாரேன்!" என்றது தங்கை.

நாளடைவில் அக்காவே, "நெருஞ்சிப் பூவருகிலும் சற்று உட்காருவோமடி" என்று கேட்கத் தொடங்கியது.

ஒருநாள் பெருமழை பெய்து, வழித்தடத்தின் வாசனையைக் கழுவிவிட்டது. புற்றுக்குத் திரும்பும் வழி தெரியாமல் சாரை முழுவதும் கலங்கி நின்றது.

"அதோ, நம் தும்பை!" என்றது தங்கை.

"அடுத்தது நெருஞ்சி!" என்று துள்ளியது அக்கா.

அக்கா தங்கை இருவரின் பின்னே சாரை நடந்தது. நெருஞ்சியைக் கடக்கும்போது தலைவரின் குரல் கேட்டது:

"என்னம்மா, இங்கே நாம் உட்காருவதில்லையா?"