மெஷின் ஓடும்வரை

பூர்ணிமாவின் கால் பெடலை விட்டு நகரவில்லை. அவள் மெஷின் ஓடும்வரைதான் பனியன் கம்பெனி தரும் மருத்துவக் காப்பீடும் ஓடும். ஆஸ்பத்திரியில் மகள் கயலுக்கு ஆபரேஷன் தொடங்கி இரண்டு மணி நேரமாகிறது. கொடுத்த துணியெல்லாம் தீர்ந்துபோய், ஒரே துண்டுத்துணியைத் திருப்பித் திருப்பித் தைத்துக்கொண்டிருந்தாள்.

புது சூப்பர்வைசர் எட்வினுக்கு மனசு கேட்கவில்லை. போன வாரம்வரை அரசு வேலையில் இருந்தவர். அங்கே லீவு போட்டாலும் காப்பீடு நிற்காது.

"எந்திரிச்சுப் போம்மா, புள்ளையப் பாரு. நானே உனக்கு லீவு போட்டுட்டேன்."

மெஷின் தானாக நின்றது. பூர்ணிமா பெடலை மிதித்துக்கொண்டேயிருந்தாள்.

ஃபோன் அடித்தது.

"கயலோட அம்மாங்களா? ஆபரேஷனப் பாதியில நிறுத்தி வெச்சிருக்கோம். நீங்க மறுபடி எப்பங்க வேலையில உக்காருவீங்க?"