கை கொடுத்தால் முடிந்தது

"சம்பளம் இருக்கட்டும் சார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல எனக்கு எந்த வேலையும் சொல்லக் கூடாது" என்றாள் அவள்.

மேனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது எப்படி மேடம் முடியும்? அவசரம்னு ஒண்ணு வந்தா?"

"அவசரம் தினமும் வராதே சார்."

அதற்குள் உள்ளறையிலிருந்து ஒரு குரல். "வெந்நீர் கேட்டு எவ்வளவு நேரமாச்சும்மா?"

அவள் எழுந்து ஓடினாள். மாமியாருக்கு வெந்நீரைக் கொடுத்து, வழியில் பாலை இறக்கிவைத்து, ஈரக் கையோடு வந்து சாப்பாட்டு மேஜையில் மறுபடி உட்கார்ந்தாள்.

மேனேஜர் வேறு யாருமில்லை, அவள் கணவர்தான். ஒரு தொழிற்சாலையில் வேலைக்கு ஆள் எடுக்கிறவர். மருந்துக் கம்பெனி ஒன்று அவளைக் கணக்குப் பிரிவுக்குக் கூப்பிட்டிருந்தது. "எனக்குப் பேச்சு வராதுங்க, கொஞ்சம் பழக்கி விடுங்க" என்று அவளே கேட்டதால், மனுஷர் கெத்தாக எதிரே உட்கார்ந்துவிட்டார்.

கல்யாணத்துக்குப் பிறகு, இதற்கு முன்பும் இரண்டு வேலைகள் வந்தன. ஆபீஸ்காரர்கள் சரி என்றார்கள், வீடுதான் விடவில்லை. மாமியாரின் மாத்திரை, பிள்ளைகளின் சாப்பாடு, இவருடைய சட்டைப் பித்தான் என்று வருஷங்கள் போய்விட்டன. சில மத்தியானங்களில் சமையலறையில் நின்றபடியே அவளுக்கு மூச்சு முட்டும். இதை யாரிடம் போய்ச் சொல்வது? இந்த வேலையும் கை நழுவினால் இனி எவனும் கூப்பிடப் போவதில்லை.

"சரி மேடம், ஆறு மணி. ஒத்துக்கறேன். அப்புறம்?"

"ஞாயித்துக்கிழமை முழு லீவு."

"அரை நாள் வெச்சுக்கலாமே" என்று நூல் விட்டுப் பார்த்தார்.

"முழு நாள் சார்."

"பிடிவாதக்காரங்களா இருக்கீங்க. சரி, முழு நாள்."

"முன்னாடியே சொல்லாம நாலு பேரைக் கூட்டிட்டு வந்து, இப்பவே முடிச்சுக் கொடுன்னு நிக்கக் கூடாது."

"ஆடிட்டருங்களைச் சொல்றீங்களா? நியாயம்தான். சொல்லிட்டே வருவோம்."

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "நான் இல்லாதப்ப என் வேலையெல்லாம் அப்படியே கிடக்கக் கூடாது. திரும்பி வந்து நானே செய்யறதுன்னா, போயும் பிரயோஜனமில்லை."

மேனேஜர் நாற்காலி அவருக்கு நன்றாகவே தலைக்கேறிவிட்டது. "கிடக்காது மேடம். வேற யாரும் வேண்டாம், நானே பார்த்துடறேன். மேனேஜர்னா சும்மாவா?"

கையை நீட்டினார். "காகிதமெல்லாம் அப்புறம். எங்க தொழிற்சாலையில கை கொடுத்துட்டா முடிஞ்சது. இத்தனை வருஷத்துல, கை கொடுத்துட்டு நான் மாத்திப் பேசினதா ஒருத்தன் சொல்லட்டும் பார்ப்போம்."

அவள் கையைப் பிடித்தாள். உடனே விடவில்லை. "மாத்திப் பேச மாட்டீங்களே?"

"மாட்டேன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் மறுபடி கணவரானார். "பரவாயில்லையே, கறாராத்தான் பேசறே. நாளைக்கு அந்தக் கம்பெனியிலயும் இதே மாதிரி பேசு. ஒண்ணையும் விட்டுக் கொடுத்துடாதே."

உள்ளறையிலிருந்து மறுபடி குரல் வந்தது. "அந்த டிவியைக் கொஞ்சம் போட்டு விடும்மா."

அவர் வழக்கம்போல அவளைப் பார்த்தார். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு தாண்டியிருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"அங்க நேத்தே பேசி முடிச்சிட்டேங்க. இப்பப் பேசினது வீட்டுக்கு."