வாங்கியவர் முகம்

நானும் அந்தோணிராஜும் இசக்கிதுரையும் படப்பையில் ஒரே அறையில் தங்கியிருந்தோம். மூவரும் சேர்ந்து வாங்கிய கம்ப்யூட்டர் கேம் இசக்கிதுரை பெயரில் இருந்தது. ஒவ்வொரு முறையும் அவன் கேமராவில் முகம் காட்டினால்தான் திறக்கும். ஒரகடம் சிக்னலில் அவன் லாரியில் அடிபட்டுச் செத்த பிறகு, கஸ்டமர் கேருக்கு போன் செய்தோம்.

"வாங்கினவரேதான் முகம் காட்டணும் சார்" என்றாள் ஒரு பெண்.

"ஏல, செத்தவன எங்க போயி கூட்டிட்டு வர?" என்று அந்தோணிராஜ் என்னிடம் கத்தினான். கம்பெனி பஸ் நிற்குமிடத்தில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரைக் கிழியாமல் உரித்துவந்து கேமரா முன் பிடித்தான்.

"கண் சிமிட்டவும்" என்றது திரை.

போஸ்டரில் இசக்கிதுரை சிமிட்டினான். கேம் திறந்தது.

தினமும் ஷிஃப்ட் முடிந்ததும் ஆடினோம். ஒரு வாரத்தில் அவன் கண்ணுக்குக் கீழே காகிதம் ஈரத்தில் நைந்தது. கிழிந்துவிடுமே என்று லேமினேட் செய்தோம். இப்போது பிளாஸ்டிக்குக்குள் தண்ணீர் மூக்குவரை ஏறியிருக்கிறது.

"கண்ணுக்கு வர்றதுக்குள்ள முடிச்சிரணும்ல" என்கிறான் அந்தோணிராஜ்.

இன்னும் நான்கு லெவல் பாக்கி. திரை கேட்பதற்கு முன்பே இசக்கிதுரை வேகவேகமாகச் சிமிட்டுகிறான்.